சாரணர் படையும் சாமிப் பிரமாணமும்

நமது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் சேர்க்கலாமா, கூடாதா என்னும் கேள்வியைக் கூத்தாநல்லூர்ப் பக்கத்துத் தோழர்கள் நம்மிடம் அடிக்கடி போடுகிறார்கள். கேட்பவர்கள் இரண்டு கட்சியாய் இருக்கிறார்கள். ஒரு கட்சியார், "இது வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி ஒருவர் உண்டாக்கிய வேலை. சேருகிறவன் கடவுள் பேரைச் சொல்லிப் பிரமாணம் செய்ய வேண்டும். சுயமரியாதைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "சர்ட்டிபிகேட் கிடைக்கிறது, இரயில்வேயில் சாரணர்களுக்கென்றே சில உத்தியோகங்கள் உண்டு, கடவுள் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் நாக்கு வெந்தா போகும்?" என்கிறார்கள். இவ்விரண்டு கட்சியையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. முதற் கட்சியார் மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லுகிறார்கள். இரண்டாம் கட்சியார் மூட்டைப் பூச்சியோடேயே படுத்துக்கொள்ளச் சொல்லுகிறார்கள். வீட்டையும் வைத்துக்கொண்டு பூச்சியையும் ஒழிப்பதற்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பகுத்தறிவுள்ளவர்கள் வேலையாகும்.

முதலில் இந்த இயக்கம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேடன் பவல் என்பவர் ஆங்கிலேய இராணுவத்தில் இருந்தவர். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏகாதிபத்தியத்துக்கு ஊழியம் செய்தவர். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் என்னும் ஊரைப் போயர்கள் முற்றுகையிட்டபோது, ஊருக்குள் இருந்த பையன்களைக் கொண்டு கடிதம் கொண்டுபோகவும் காவல் பார்க்கவும் வேலை வாங்கினார்கள். பொறுப்புக் கொடுத்தால் சிறு பையனும் பெரிய வேலை செய்வான் என்பதை அங்கே பேடன் பவல் கண்டார். பிறகு 1907 ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பிரவுன்ஸி என்ற சிறு தீவில் சுமார் இருபது பையன்களைக் கூட்டிவைத்து ஒரு முகாம் நடத்தினார். அதில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. பாதிப் பேர் சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்கள். மறு பாதிப் பேர் கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பையன்கள். இரு திறத்தாரையும் கலந்து ஒரே கூடாரத்தில் படுக்கவைத்து ஒரே வேலையைச் செய்ய வைத்தார். 1908-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதில் கண்ட சாரணர் சட்டத்தில் ஒரு விதி, ஒரு சாரணன் மற்றச் சாரணன் எந்த வகுப்பைச் சேர்ந்தவனானாலும் அவனுக்குச் சகோதரன் என்பதாகும்.

ஆனால் அந்தச் சகோதரத்துவம் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தபோது அதன் யோக்கியதை என்ன? 1909-ல் பெங்களூரில் முதல் சாரணர் படை ஏற்பட்டது. அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மாத்திரமே. கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. தடம் பார்க்கவும், கொடி காட்டிச் சேதி அனுப்பவும், படம் வரையவும் இந்தியப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தால் நாளைக்கு அவர்கள் இராஜத் துரோகத்தில் இறங்கிவிடுவார்கள் என்று சர்க்கார் பயந்தது. எல்லோருக்கும் சகோதரன் என்று சட்டம் எழுதினவர்களே தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தக் கதவைச் சென்னைப் பட்டணத்தில் உடைத்தவர் அன்னி பெசண்டு அம்மையார். 1916-ல் அருண்டேல், பியர்ஸ் முதலிய பிரம்மஞான சபையாரின் துணையோடு இந்தியச் சாரணர் சங்கம் என்று ஒன்றை அம்மையார் ஏற்படுத்தினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. வெள்ளையர் சங்கம் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள் இதில் சேர்ந்தார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் சமாதானமாகி, அம்மையாரின் சங்கம் பொதுச் சங்கத்தோடு சேர்க்கப்பட்டது. அம்மையாருக்குக் கௌரவக் கமிஷனர் பதவியும் கொடுக்கப்பட்டது. கதவு திறந்த பெருமையை அம்மையாருக்குக் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. நியாயம் யார் செய்தாலும் நியாயந்தான்.

ஆனால் முழுக் கதையும் சொல்ல வேண்டாமா? இதே அம்மையார் 1909-ல் 'இந்தியன் ரிவ்யூ' பத்திரிகையில் தாழ்த்தப்பட்டவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவர்கள் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கலக்கக் கூடாது, முதலில் தனியே வைத்துச் சுத்தம் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தைச் சொன்னார். டாக்டர் அம்பேத்கர் பிற்காலத்தில் அக்கட்டுரையை எடுத்துக் காட்டிக் கண்டித்திருக்கிறார். வெள்ளைக்காரன் தன் பிள்ளையோடு இந்தியப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் அது அநியாயம்; இந்திய மேல்சாதிக்காரன் தன் பிள்ளையோடு சேரிப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் மட்டும் அது சுகாதாரமா? அம்மையார் சாரணர் சங்கம் கண்ட அதே 1916-ல், அதே சென்னையில், தென்னிந்திய நல உரிமைச் சங்கமும் ஏற்பட்டுப் பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கையும் வெளிவந்தது. வெள்ளையன் திறக்கவேண்டிய கதவு ஒன்று என்றால், நம்மவன் திறக்கவேண்டிய கதவு ஒன்பது என்பதை அந்த அறிக்கை காட்டிற்று.

நிற்க. இனி இந்த இயக்கம் நடக்கும் முறையைப் பார்ப்போம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிறு பையன்கள் குருளையர். சிறு பெண்கள் நீலப் பறவையர். பத்து வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். அதற்கும் மேலே இருபத்தைந்து வயது வரையில் திரிசாரணர், திரிசாரணியர். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஓர் அணி. அணிக்குத் தலைவன் அந்தப் பிள்ளைகளில் ஒருவனே. சில அணிகள் சேர்ந்தது ஒரு படை. அதற்குப் பொறுப்பு ஓர் உபாத்தியாயர். அதற்கு மேல் ஜில்லாச் சங்கம், சென்னையில் மாநிலத் தலைமை, டில்லியில் தேசியத் தலைமை என்று கட்டுக்கோப்பு போகிறது. முன்பு தனித்தனியாய் இருந்த பாய் ஸ்கௌட்டுச் சங்கமும், இந்துஸ்தான் சாரணர் சங்கமும் 1950 நவம்பர் 7-ந் தேதி ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கமாயின. 1951 ஆகஸ்டு 15-ல் பெண்கள் சங்கமும் இதில் கலந்தது.

இதில் நம் கவனத்தை இழுப்பது அந்த ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட அணிதான். முகாமுக்குப் போனால் அந்த அணிக்கு ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, ஒரே பானை. விறகு பொறுக்குகிறவன் ஒருவன், தண்ணீர் எடுக்கிறவன் ஒருவன், சமைக்கிறவன் ஒருவன், பாத்திரம் துலக்குகிறவன் ஒருவன். நாளைக்கு முறை மாறும். பாத்திரம் துலக்கினவன் சமைப்பான். சமைத்தவன் கக்கூசுக் குழி வெட்டுவான். பிறவியைக் கொண்டு வேலை இல்லை, முறையைக் கொண்டு வேலை. இதைவிட வருணாசிரமத்துக்கு வேறு வேட்டு என்ன வேண்டும்?

இதன் அருமை தெரிய வேண்டுமானால் சேரன்மாதேவியை நினைத்துக்கொள்ள வேண்டும். வ.வே.சு. அய்யர் அவர்கள் திருநெல்வேலி ஜில்லாவில் தேசியப் பிள்ளைகளை உண்டாக்கப் போகிறோம் என்று ஒரு குருகுலம் வைத்தார். தமிழ்நாட்டுக் காங்கிரசுப் பணம் அதற்குக் கொடுக்கப்பட்டது. பணம் எல்லாச் சாதியார் பணம். ஆனால் உள்ளே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. 1924-25-ல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் இதை எதிர்த்துக் கிளப்பிய கிளர்ச்சி ஊர் அறிந்தது. நாட்டுக்கு உயிரைக் கொடுப்போம் என்ற தேசபக்தர்களால் ஒரு பந்தியைக் கொடுக்க முடியவில்லை! அவர்கள் கொடுக்க முடியாத பந்தியைச் சாரணர் முகாம் ஒரு மண்பானையில் கொடுக்கிறது என்றால், அதை வேண்டாமென்று தள்ள நமக்கு என்ன பைத்தியமா?

அதிலும் நம் தஞ்சை நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த மண் இது. 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்களைக் கொளுத்திய மண் இது. இங்கே மிராசுதார் வீட்டுப் பையனும், முஸ்லிம் வியாபாரி வீட்டுப் பையனும், நடவாள் வீட்டுப் பையனும் ஒரே பானையில் பொங்கித் தின்று ஒரே கூடாரத்தில் மூன்று இராத்திரி படுத்து எழுந்தார்களானால், அது நம்முடைய முப்பது பொதுக்கூட்டங்களுக்குச் சமானம் என்று தைரியமாய்ச் சொல்லுவோம். பிரசங்கத்தைக் கேட்டவன் மறந்து போகலாம். பக்கத்தில் படுத்தவனை மறக்க மாட்டான்.

இன்னும் ஒரு வேடிக்கை. சாரணர்கள் இடது கையால் கை குலுக்குகிறார்கள். நம் நாட்டில் இடது கையால் ஒரு வெற்றிலையை நீட்டினாலே ஆகாது என்று கிழவிகள் அலறுவார்கள். அந்தக் கையையே மரியாதைக் கையாக வைத்துப் பத்து வயதுப் பிள்ளை பழகுகிறது. வானம் இடிந்து விழவில்லை. கழுத்தில் கட்டும் துணி எல்லோருக்கும் ஒன்றே. ஒருவன் கை ஒடிந்தால் அதை அவிழ்த்துத் தொட்டில் கட்டலாம். பூணூலைக்கொண்டு இவ்வளவு உபகாரம் செய்ய முடியுமா என்று வைதீகர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

படிப்பு விஷயமும் அப்படியே. மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்ததும் டெல்டாவில் எங்கேயாவது ஒரு பிள்ளை முழுகிச் செத்தது என்ற சேதியும் கூடவே வருகிறது. கயிறு வீசவும், முடிச்சுப் போடவும், முழுகினவனுக்கு மூச்சு வரவழைக்கவும் தெரிந்த பத்துப் பிள்ளைகள் ஒரு ஊரில் இருப்பது, ஆற்றங்கரையில் பத்துக் கன்னிமார் கோயில் இருப்பதைவிட மேலானது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந் தேதி பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். தீயைக் கண்டால் எந்த வழியாய் வெளியேறுவது, புகையில் தரையோடு தவழ்வது எப்படி என்பதைச் சிறு வயதில் பழகுவது விளையாட்டல்ல என்று அந்த 94 சாவும் சொல்லுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நம் பக்கத்து மரமும் கூரையும் சாய்ந்தபோது, மந்திரம் தெரிந்தவர்களால் ஒரு கீற்றை எடுத்து வைக்க முடிந்ததா? கோடாலி பிடிக்கவும், கொட்டகை போடவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் தெரிந்தவர்களே அன்றைக்கு மனிதர்கள்.

இவ்வளவு நல்லதையும் ஒப்புக்கொண்ட பிறகு, கெட்டதைக் கண்டிக்க நமக்குப் பூரண பாத்தியதை உண்டு. சாரணன் செய்யும் உறுதிமொழி, தன் மானத்தின் மீது ஆணையாகக் கடவுளுக்கும் நாட்டுக்கும் தன் கடமையைச் செய்வதாகவும், பிறருக்கு உதவுவதாகவும், சாரணர் சட்டத்துக்கு அடங்குவதாகவும் சொல்லுகிறது. நாட்டுக்குக் கடமை சரி. பிறருக்கு உதவி சரி. சட்டத்துக்கு அடங்குவதும் சரி. இந்தக் கடவுளுக்குச் செய்யும் கடமை என்ன என்று எந்த உபாத்தியாயராவது அந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல முடியுமா? கடவுள் சர்வ வல்லமை உள்ளவர் என்றால் பத்து வயதுப் பையன் அவருக்கு என்ன உதவி செய்யவேண்டிக் கிடக்கிறது? உறுதிமொழியோ 'என் மானத்தின் மீது' என்றுதான் தொடங்குகிறது. தன் மானத்தையே ஜாமீனாக வைத்தவனிடம் இன்னொரு ஜாமீன் கேட்பானேன்? மானம் உள்ளவனுக்குக் கடவுள் ஜாமீன் அனாவசியம்; மானம் இல்லாதவனுக்குக் கடவுள் ஜாமீன் பிரயோஜனமில்லை. கோர்ட்டில் தினந்தோறும் கடவுள்மேல் சத்தியம் செய்து பொய்ச் சாட்சி சொல்லுகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

கடவுள் என்று சொல்ல இஷ்டமில்லாதவர்கள் 'தர்மம்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இயக்கத்தின் விதியில் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். கடவுள் இல்லாத சமணருக்கும் பௌத்தருக்கும் இடம் கொடுக்கத்தான் என்று சமாதானம் சொல்லக்கூடும். ஆனால் இந்த நாட்டில் தர்மம் என்றால் என்ன அர்த்தம்? பிராமணனுக்கு ஒரு தர்மம், சூத்திரனுக்கு ஒரு தர்மம், பெண்ணுக்கு ஒரு தர்மம் என்று பிரித்து வைத்ததற்கே அல்லவா அந்தப் பேர்? எல்லாச் சாரணரும் சகோதரர் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, தர்மத்துக்குக் கடமைப்படுகிறேன் என்று அதே வாயால் சொல்லச் சொல்லுவது, பேயை விட்டுப் பிசாசைப் பிடித்துக்கொள் என்பது போலத்தான் இருக்கிறது.

இதோடு நின்றதா? கூட்டம் தொடங்கும்போது பிரார்த்தனைப் பாட்டு, அது இந்தி, அதில் பரமாத்மாவிடம் பக்தியைத் தானம் கேட்க வேண்டும். படிப்படியாய்த் தேறும் பரீட்சைகளின் பேர்களைப் பாருங்கள்: பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி. கூத்தாநல்லூர்ப் பையனுக்கு முடிச்சுப் போடக் கற்பிப்பதற்கு 'துவிதீய சோபானம்' எதற்கு? குருளையர், நீலப் பறவையர், சாரணர், திரிசாரணர் என்று அழகாய்த் தமிழ்ப் பேர் வைத்தவர்களுக்கு, முதற் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று வைக்கத் தெரியாதா? சாரணர் என்னும் சொல்லே, வேதத்தை ஒப்பாத சமணத் துறவிகளுக்குப் பழந்தமிழில் வழங்கிய பேராகும். அந்தப் பேரை வைத்துக்கொண்டு பரமாத்மாவுக்குப் பாட்டுப் பாடச் சொல்லுகிறார்கள்!

"கடவுளை எடுத்துவிட்டால் இயக்கமே இல்லாமற் போய்விடும்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இயக்கம் பிறந்த இங்கிலாந்து என்ன செய்தது? பெண்கள் சங்கம் 2013-ல் உறுதிமொழியிலிருந்தே கடவுளை நீக்கிவிட்டது. ஆண்கள் சங்கம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று தனி உறுதிமொழியை 2014 முதல் வைத்துவிட்டது. பிரான்சு தேசத்தில் மதச் சார்பில்லாத சாரணர் சங்கம் 1911-லேயே ஏற்பட்டு இன்றைக்கும் நடக்கிறது. அங்கெல்லாம் கூடாரம் சரிந்து விழுந்துவிட்டதா? கண்டுபிடித்தவன் விட்டுவிட்டதை இரவல் வாங்கினவன் கட்டிக்கொண்டு அழுவது நம் தேசத்துக்கே உரிய வழக்கம் போலும்!

சட்டமும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. சர்க்கார் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் கல்வி நிலையத்தில் எந்தப் பிள்ளையையும் காப்பாளர் சம்மதமின்றி மத வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்லுகிறது. சாரணர் கூட்டம் நடப்பதோ பள்ளிக்கூடத்து மைதானத்தில், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் முன்னிலையில். விஞ்ஞான மனப்பான்மையையும் மனிதாபிமானத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று 1976-ல் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு சொல்லுகிறது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாய் எழுந்து நின்றார்கள், தங்கள் மனச்சாட்சிப்படி பாடவில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கப்பட்டபோது, நீக்கியது தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் தீர்ப்புச் சொல்லிற்று. மதத்தின் பேரால் வந்த மனச்சாட்சிக்கு இவ்வளவு மதிப்பு உண்டானால், பகுத்தறிவின் பேரால் வரும் மனச்சாட்சிக்கு மாத்திரம் மதிப்பில்லையா?

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சாரணர் இயக்கத் தலைவர் பதவிக்குச் சென்னையில் தேர்தல் நடந்தது. பாரதிய ஜனதாக் கட்சியின் எச். ராஜா அவர்கள் போட்டியிட்டார். அவருக்கு 52 ஓட்டு. எதிர்த்து நின்ற பி. மணி அவர்களுக்கு 232 ஓட்டு. உபாத்தியாயர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் சட்டசபையும் பார்லிமெண்டும் இருக்க, முடிச்சுப் போடும் பிள்ளைகளின் சங்கத்துக்கு அரசியல் கட்சித் தலைவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை யோசிக்க வேண்டாமா? பிள்ளைகளைப் பிடித்தால் நாளைய நாட்டைப் பிடித்தது போல என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. நாம் வேண்டாமென்று ஒதுங்கின இடம் காலியாய்க் கிடக்காது. வேறொருவன் பாய் விரித்துக்கொள்வான்.

வீரத்துக்கும் தொண்டுக்கும் கடவுள் துணை வேண்டும் என்கிறவர்களுக்கு 1938-ஐ ஞாபகப்படுத்துகிறோம். கட்டாய இந்தியை எதிர்த்து ஆகஸ்டு 1-ந் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட தமிழர் பெரும்படை, ஊர் ஊராய் நடந்து செப்டம்பர் 11-ல் சென்னை சேர்ந்தது. நம் ஜில்லாவைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர்களும் மூவலூர் இராமாமிருதத்தம்மையாரும் அதில் முன்னின்றவர்கள். நாற்பத்திரண்டு நாள் வெயிலிலும் மழையிலும் கட்டுப்பாடாய் நடந்த அவர்களுக்கு வழிகாட்டியது எந்தப் பரமாத்மா?

ஆகவே நம் முடிவு இதுதான். பிள்ளைகளைச் சேருங்கள், பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்கும்போதே, என் பிள்ளை நாட்டுக்கும் மக்களுக்கும் கடமை செய்வதாக உறுதி சொல்லும். பிரார்த்தனை நேரத்தில் மரியாதையாய் நிற்கும், பாடாது என்று தகப்பனும் தாயும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள். நம் இயக்கத்து உபாத்தியாயர்கள் பயிற்சி பெற்றுச் சாரண ஆசிரியர்கள் ஆகட்டும். முகாமில் பானை ஒன்றுதானா, பாத்திரம் துலக்கும் முறை எல்லோருக்கும் வருகிறதா என்று அவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கட்டும். சாரணரைத் திருவிழாவில் தேருக்கு முன்னால் வழி விலக்கவும், மந்திரிகள் வந்தால் வெயிலில் வரிசை நிற்கவும் பயன்படுத்தினால், இது சாரணர் வேலையல்ல என்று எழுந்து சொல்லட்டும்.

சென்னையிலுள்ள தலைமையை நாம் கேட்பது மூன்று. உறுதிமொழியில் கடவுளும் தர்மமும் வேண்டாதவர்களுக்கு 'மனித சமுதாயம்' என்று ஒரு சொல்லை வைக்கும்படி டில்லிக்குத் தீர்மானம் அனுப்புக. பிரார்த்தனைக்குப் பதிலாகச் சாரணர் சட்டத்தைத் தமிழில் எல்லோரும் கூடிச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவருக. பரீட்சைகளின் பேர்களைத் தமிழாக்குக. 2025 சனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த பெருந்திரளணிக்குச் சர்க்கார் துணை நின்றது. அதன் முடிவு விழாவில் சென்னையில் 10 கோடி ரூபாயில் புதிய தலைமையகம் கட்டப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பணத்தில் கடவுளை நம்புகிறவன் வரியும் இருக்கிறது, நம்பாதவன் வரியும் இருக்கிறது. கட்டடத்துக்கு மாத்திரம் நம் வரி வேண்டும், உள்ளே நம் பிள்ளை மட்டும் பொய்ப் பிரமாணம் செய்துதான் நுழைய வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

சாரணர் சட்டத்தின் முதல் விதி, சாரணன் நம்பத்தக்கவன் என்பது. மனத்தில் இல்லாததை வாயால் சொல்லவைத்து ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், சேருகிற அன்றைக்கே அந்த முதல் விதியை மீறும்படி பெரியவர்களே கற்பித்தவர்களாவார்கள். பிள்ளைகளை நம்பத்தக்கவர்களாக்க வேண்டுமானால், உண்மையைச் சொல்ல அவர்களுக்கு முதலில் இடம் கொடுக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.